இடது கண்ணுக்கு எழுதியது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் உங்களுக்காக எழுதவில்லை. 1998-ல் ஒரு எட்டு வயதுப் பெண்ணுக்காக எழுதினேன். அவளுக்காக என்றுகூடச் சொல்ல முடியாது. அவளுடைய இடது கண்ணுக்காக. வலது கண்ணைப் பிளாஸ்திரி போட்டு மூடியிருந்தோம்.

தாளிலும் எழுதவில்லை. மூக்குக் கண்ணாடிக்கான லென்ஸ் கடைக்குச் சின்னக் காகிதக் கவரில் வரும். முன்பக்கம் பவர் அச்சடித்திருக்கும். பின்பக்கம் காலி. நான் பெங்களூரில், பழைய மெட்ராஸ் ரோட்டில், ஜோகுபாளையத்துக்குத் திரும்புகிற இடத்தில் இருந்த ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை பார்த்தேன். ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது கவர் கிழிப்பேன். கதை அந்தக் கவர்களின் முதுகில் நடந்தது.

இப்போது 2004. கவர்கள் எல்லாம் என் அறையில் ஒரு டப்பாவில் இருக்கின்றன. கடைசிக் கவர் மட்டும் இல்லை. அது ஏன் இல்லை என்பதுதான் கதை. அதுவரைக்கும் வந்து சேர முடிகிறதா பார்க்கிறேன்.

2

தொடங்குவது கஷ்டமாக இருக்கிறது. மூன்று தடவை தொடங்கினேன். மூன்றையும் அப்படியே விட்டுவைக்கிறேன், நீங்களே பாருங்கள்.

'வேதநாயகியின் மகள் ரக்ஷிதா தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள்.' நடந்ததுதான். ஆனால் இப்படித் தொடங்கினால் முதல் வரியிலேயே குழந்தைமேல் பழி விழுகிறது. அவள்மேல் ஏற்கனவே நிறைய விழுந்துவிட்டது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

'ஒரு கண் பார்க்கிறது, இன்னொரு கண் பார்ப்பதுபோல் காத்திருக்—' இது வரி நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுதிய வரி. வேண்டாம்.

'ராஜேந்திரன் என்பவன் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கண் பரிசோதனை முகாமில் ஒரு தப்புச் செய்தான்.' இதில் ஒரு பக்கம் போனேன். ராஜேந்திரனுக்கு அடர்த்தியாக மீசை வைத்தேன். மஞ்சள் சட்டை போட்டுவிட்டேன். அவன் எதையும் முழுசாகப் பார்க்காதவன், எல்லாவற்றுக்கும் 'சரி' போடுகிறவன் என்று எழுதினேன். எழுத எழுத அவன்மேல் எனக்கு நல்ல கோபம் வந்தது. அந்தக் கோபம் சுகமாகவும் இருந்தது. சுகமாக இருந்ததும் நிறுத்திவிட்டேன்.

(எனக்கு மீசை கிடையாது. மற்றபடி ராஜேந்திரன் நான்தான். இது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. ரக்ஷிதாவுக்குத் தெரிய ரொம்ப நாள் ஆயிற்று. தெரிந்ததா என்பதே கேள்வி.)

3

1997 ஆகஸ்ட். எங்கள் முதலாளி மதலைமுத்து அண்ணாச்சி வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கண் பார்ப்பார். அந்த வருஷம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். முந்நூற்று நாற்பது குழந்தைகள், மதியச் சாப்பாட்டு மணிக்குள் முடிக்க வேண்டும். அண்ணாச்சி பெரிய வகுப்புகளைப் பார்த்தார். ஒன்றும் இரண்டும் எனக்கு.

வேலை இதுதான். சுவரில் ஒரு அட்டை. மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்ன எழுத்துகள். குழந்தைகள் வரிசையில் நிற்பார்கள். ஒரு குழந்தை கோட்டில் வந்து நின்று, உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும். பிறகு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும். நான் பட்டியலில் வலது சரி, இடது சரி என்று குறிப்பேன்.

எல்லாருக்கும் ஒரே அட்டை. எல்லாரும் சத்தமாக வாசித்தார்கள். 'ட. ப, ம. க, ய, ர.' அந்த வகுப்பறை முழுக்க அது பாட்டு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் ஐம்பதாவது ஆளாக நிற்கிற குழந்தை அந்தப் பாட்டை நாற்பத்தொன்பது தடவை கேட்டிருக்கும். இது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. சத்தமாகச் சொன்னால்தான் நேரம் மிச்சம் என்று நினைத்தேன்.

கடைசியில் கை வலித்தது. இடது கண்ணுக்குக் குழந்தை பாதி சொல்லும்போதே 'சரி' எழுதிவிட்டு அடுத்த குழந்தையின் பெயரைத் தேடினேன். உள்ளங்கை கண்ணை மூடியிருக்கிறதா, விரல் விரிந்திருக்கிறதா என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

பட்டியலில் 212, ரக்ஷிதா. வ: சரி. இ: சரி.

(ஒரு குழந்தையின் முகத்தை மறந்துபோனதுகூடப் பரவாயில்லை. எனக்கு அவள் முகம் மறக்கவில்லை. நான் பார்க்கவே இல்லை.)

4

அடுத்த வருஷம் ஜூனில் ஒரு சாயங்காலம், ஜூடித் மிஸ் கடைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். கூட வேதநாயகி, கையில் பிடித்தபடி ரக்ஷிதா. வேதநாயகிக்கு இந்திரா நகரில் நாலு வீட்டில் வேலை. புருஷனுக்குச் சந்தாபுரா பக்கம் ஒரு கம்பெனியில் காவல் வேலை, வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருவார்.

"தம்பி, என் கண்ணாடிய அப்புறம் பாக்கலாம். முதல்ல இவளப் பாருங்க," என்றார் ஜூடித் மிஸ். "மூணாம் பாடத்த கடகடன்னு ஒப்பிக்கறா. நடுவுல ஒரு வார்த்தை மேல வெரல் வெச்சு இது என்னன்னு கேட்டா முழிக்கறா. ஒரு லைன் படிச்சா அடுத்த லைன விட்டுட்டு தாவிடறா. நோட்டுல எழுதினா கோட்ட விட்டு மாடியேறிப் போகுது. போன வருஷமே ரெண்டாங் கிளாஸ்ல நிறுத்தி வெச்சாச்சு. இந்த வருஷமும்னா எப்பிடி?"

"படிக்க சோம்பேறித்தனம் மிஸ், வேற ஒண்ணுமில்ல," என்றாள் வேதநாயகி. "வீட்லயும் அப்பிடித்தான். தண்ணி ஊத்துடின்னா கிளாஸுக்குப் பக்கத்துல ஊத்தும். பசங்க பந்து போட்டா மூஞ்சில வாங்கிக்கும். கண்ணெல்லாம் போன வருஷமே ஸ்கூல்ல பாத்துட்டாங்க. சரின்னு எழுதிக் குடுத்துட்டாங்கண்ணா."

யார் எழுதிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

அவளை ஸ்டூலில் உட்கார வைத்தேன். கை வேண்டாம் என்று சொல்லி, லென்ஸ் மாற்றிப் போடுகிற சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வலது பக்கம் கறுப்பு வில்லையைப் போட்டேன். எதிரே அட்டை. அவள் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லு பாப்பா. மேல பெருசா என்ன இருக்கு?"

"மாமா, முன்னாடி வேற யாராச்சும் சொல்லட்டும். அப்புறம் நான் சொல்றேன்."

"ஏன்?"

"எனக்கு அப்பிடித்தான் வரும்."

ஜூடித் மிஸ் என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு மாதிரி பணிவோடு, இத்தனை நாள் யாருக்கும் சொல்லாத தன் வேலை முறையைச் சொன்னாள். மற்றக் குழந்தைகள் கண்ணால் படித்தபோது அவள் அவர்கள் வாயிலிருந்து படித்திருக்கிறாள்.

அன்றைக்குக் கடை மூடியதும் பழைய பட்டியலை எடுத்து 212-ஐத் தேடினேன். என் கையெழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

5

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். தாண்டிப் போக வேண்டாம். நானும் ஒரு வருஷம் முன்னாலேயே இதைப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.)

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துச் சொன்னது இது. இடது கண்ணில் பவர் அதிகம். அதனால் அந்தக் கண் மூளைக்கு அனுப்புகிற படம் சின்ன வயதிலிருந்தே மங்கல். மூளை என்ன செய்யும்? தெளிவான படம் வலது கண்ணிலிருந்து வருகிறது, அதையே வைத்துக்கொள்ளும். ஒரு பெஞ்சில் இரண்டு குழந்தைகள். ஒருத்தி டக்டக்கென்று பதில் சொல்கிறாள், இன்னொருத்தி இழுக்கிறாள். டீச்சர் போகப்போக இழுக்கிறவளைக் கேட்பதையே விட்டுவிடுகிறார். கேட்காமல் விட்டதால் அவளுக்குப் பதிலே வராமல் போகிறது. அவள் பெஞ்சில்தான் இருக்கிறாள். வெளியே இருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இடது கண்ணும் அப்படித்தான்.

தூரத்தையும் ஆழத்தையும் அளக்க இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அதனால்தான் தண்ணீர் வெளியே போனது, பந்து மூஞ்சியில் வந்தது. ஒற்றைக் கண்ணே எல்லாவற்றையும் இழுப்பதால் வரிகள் தாவின, தலை வலித்தது, அவளுக்குப் படிப்பே பிடிக்காமல் போனது. காது நன்றாக இருந்ததால் அதை வைத்துச் சமாளித்தாள். அந்தச் சமாளிப்பு அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. புத்தி இல்லாத பிள்ளை என்று பெயர் வாங்கினாளே, அதற்கே நிறைய புத்தி வேண்டியிருந்தது.

டாக்டரம்மா வேதநாயகிக்குப் புரிகிற மாதிரி, "இதுக்குப் பேரே சோம்பேறிக் கண்ணுதான்மா," என்றாராம். நானும் கூடப் போயிருந்தேன், வெளியே பெஞ்சில் இருந்தேன். வேதநாயகி வெளியே வந்து சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"கண்ணுதான் சோம்பேறின்னு சொல்றாங்கண்ணா. அப்ப இவ இல்லியா?"

"இவ இல்லம்மா."

"எத்தன தடவ அடிச்சிருக்கேன் தெரியுமா? தண்ணிய கொட்டினதுக்கு கரண்டியால அடிச்சேன்." பிறகு, "அந்த முகாம்ல பாத்தவன் எவன்னு தெரிஞ்சா அவனயும் அதே கரண்டியால அடிப்பேன்," என்றாள்.

நான், "பஸ் வருது பாருங்க," என்றேன்.

ரக்ஷிதா பஸ்ஸில் கண்ணாடி ஜன்னலில் தன் இடது கண்ணைப் பார்த்து, "ஏய், சோம்பேறி! ஏளு, ஏளு!" என்று கன்னடத்தில் எழுப்பிக்கொண்டு வந்தாள்.

வைத்தியம்: கண்ணாடி போட வேண்டும். நல்ல கண்ணை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் பிளாஸ்திரியால் மூட வேண்டும். மூடியிருக்கும்போது சும்மா இருக்கக்கூடாது. படிக்க வேண்டும், கிட்டத்தில் வேலை செய்ய வேண்டும். வயது எட்டு ஆகிவிட்டது. ஏழுக்குள் வந்திருந்தால் சுலபம் என்றார் டாக்டரம்மா. "டிசம்பர் கடைசி வரைக்கும் பாப்போம். இந்த வாசிப்பு அட்டையில இருக்கற சின்ன எழுத்த இடது கண்ணு படிச்சுட்டா ஜெயிச்சோம். இல்லன்னா நிறுத்திடலாம், கொழந்தைய சும்மா பாடுபடுத்த வேணாம்."

ஏழுக்குள் என்றால், போன வருஷ ஆகஸ்ட்.

6

பிளாஸ்திரி ஒட்டின இடத்தில் புருவத்துக்கு மேல் சிவந்துபோகும். கண்ணாடிக் கடைக்காரனுக்கு முகத்தில் புருவமும் மூக்குத் தண்டும் காதும்தான் கண்ணில் படும். மூன்றாவது வாரம் ரக்ஷிதா பள்ளிக்கூடம் விட்டுக் கடைப்பக்கம் போனபோது பார்த்தேன். பிளாஸ்திரி வலது கண்மேல் இருந்தது. சிவப்பு இடது புருவத்தில் இருந்தது.

"பாப்பா, இங்க வா. ஸ்கூல்ல எந்தக் கண்ணுல ஒட்டிக்கற?"

அவள் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். "அம்மாகிட்ட சொன்னா உங்க கூட டூ."

"சொல்லல. ஏன் மாத்தற, அத மட்டும் சொல்லு."

"போர்டு தெரியல மாமா. மூடினா எல்லாம் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி கீது. பக்கத்துல இருக்கற அனுஷா என்னய கொள்ளக்காரின்னு சொல்றா. பரீட்சைல பெயில் ஆனா மறுபடியும் ரெண்டாங் கிளாஸ். எங்கூட படிச்சவங்கெல்லாம் நாலாவது போயிடுவாங்க."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. கண்ணுக்கு நல்லது படிப்புக்குக் கெட்டதாக இருந்தது. கண்ணைக் காப்பாற்றினால் வகுப்பு போகும், வகுப்பைக் காப்பாற்றினால் கண் போகும். எட்டு வயதுக் குழந்தை தினமும் தெருமுனையில் நின்று இதைத் தனியாக முடிவு செய்துகொண்டிருந்தது.

நான் வேதநாயகியிடம் சொல்லவில்லை. ஜூடித் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. மிஸ், ரக்ஷிதா, நான் மூன்று பேரும் டாக்டரம்மாவிடம் திரும்பிப் போய் ஒரு ஏற்பாடு செய்தோம். பள்ளிக்கூடத்தில் பிளாஸ்திரி வேண்டாம். மிஸ் அவளை முன்பெஞ்சில் உட்காரவைத்து, பரீட்சைக் கேள்வியை வாயால் படித்துச் சொல்லுவார். நாலு மணியிலிருந்து ஆறரை வரைக்கும், வேதநாயகி வேலை முடிந்து வருகிறவரை, ரக்ஷிதா கடையில் என் கண்ணெதிரே பிளாஸ்திரியோடு இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க. "நேரம் கொறச்சல்தான். ஆனா நெஜமா இருக்கட்டும்," என்றார் டாக்டரம்மா.

7

அண்ணாச்சி ஒரு கதைப்புத்தகம் வாங்கி வந்தார். படம் போட்டது. அவரே ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு அவள் கையில் கொடுத்தார். அவள் இடது கண்ணால் ஒரு தப்பில்லாமல் படித்தாள். அண்ணாச்சி என்னை எட்டிப் பார்த்துக் கண் ஜாடை காட்டினார், பார்த்தியா என்று. கதை முடிந்தது. அவள் கடைசி வரி சொன்னபோதும் புத்தகம் முதல் பக்கத்திலேயே திறந்திருந்தது.

"ஏட்டி, பக்கத்தத் திருப்பவே இல்லியே!"

"மறந்துட்டேன் தாத்தா," என்றாள்.

அவளுடைய பாடப்புத்தகம் வேண்டாம், காதில் இருக்கிறது. கடையில் தொங்குகிற விளம்பரம் வேண்டாம், ரோட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். டாக்டரம்மாவின் வாசிப்பு அட்டையே ஒரு தடவை கேட்டதில் மனப்பாடம் ஆகிவிட்டது. அந்தக் கண்ணுக்கு இதுவரை யாருமே வாயால் சொல்லாத ஒரு வரி வேண்டும். அப்படி ஒரு வரி உலகத்தில் இருக்க வேண்டுமானால், யாராவது அப்போதுதான் எழுதியிருக்க வேண்டும்.

நான் கதை எழுதத் தொடங்கினது அப்படித்தான்.*

* அதற்கு முன்னாலும் எழுதுவேன். ஃபிரேசர் டவுனில் அண்ணாச்சி வீட்டு மாடி அறையில் தனியாக இருந்தேன். கோவில்பட்டியிலிருந்து வந்து எட்டு வருஷம். பேச ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டில் எழுதுவேன், யாரும் படித்ததில்லை. எனக்குக் கிடைத்த முதல் வாசகி இவள். வாசகி என்றால் முழுசாக அல்ல, ஒரு கண்.

முதல் மாதம் ஸ்கெட்ச் பேனாவில் எழுதினேன், கவருக்கு மூன்று நாலு வார்த்தை. பிறகு ஐந்தாறு. மாதம் போகப்போக எழுத்தைச் சின்னதாக்கினேன். கதாநாயகன் யார்? பெயர் யோசிக்க நேரமில்லை. ராஜேந்திரன்.

கவர் ஒன்று: ராஜேந்திரன் ஆட்டைப் பார்த்தான்.

கவர் இரண்டு: 'மாடு. சரி' என்று எழுதினான்.

அவள் இரண்டாவது கவரைப் பத்து நிமிஷம் கண்ணோடு ஒட்டியும் தள்ளியும் வைத்து, எழுத்தெழுத்தாகப் பிடித்து முடித்தாள். அப்புறம் சத்தமாகச் சிரித்தாள். "மாமா, ஆட்ட போய் மாடுங்கறான்!"

"ஆமா. அவன் நிமிந்து பாக்க மாட்டான்."

"அந்தாளு லூசு."

மறுநாள் ராஜேந்திரன் மழையைப் பார்த்து, வெயில், சரி என்று எழுதினான். வாழைப்பழ வண்டியைப் பார்த்து, ரயில், சரி என்றான். அவள் ஊகிக்கப் பார்ப்பாள். 'ராஜேந்திரன் பஸ்ஸில்' என்று இருந்தால் 'ஏறினான்' என்று வாய் முந்திவிடும். அதனால் நான் 'ராஜேந்திரன் பஸ்ஸில் தோசை சுட்டான்' என்று எழுத வேண்டியிருந்தது. ஊகிக்கிற இடத்தில் எல்லாம் வரியை வேறு பக்கம் திருப்பினேன். யாரும் எனக்கு எழுதச் சொல்லித் தரவில்லை. ஒரு மங்கலான கண் சொல்லித் தந்தது.

"ஏம்ப்பா, இது கண்ணாடிக் கடையா, பள்ளிக்கூடமா?" என்பார் அண்ணாச்சி. ஆனால் ரக்ஷிதா போன பிறகு கவர்களை எடுத்துப் படிப்பார். ஒரு நாள் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, "இந்த ராஜேந்திரன் எந்த வருஷ முகாமுக்குப் போனான்?" என்று கேட்டார். நான் லென்ஸ் தேய்க்கிற மிஷினைப் போட்டேன். அது சத்தம் போடும்.

அக்டோபரில் அவள் கேட்டாள். "மாமா, ராஜேந்திரன் கொழந்தைங்கள பாத்தா என்னா எழுதுவான்?"

அன்றைக்கு நான் கவர் எழுதவில்லை. தலைவலி என்றேன்.

8

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதநாயகி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ஜோகுபாளையத்தில் ஒரே அறை வீடு. கீழே உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு டம்ளரை வைத்துவிட்டு, "டீ ரக்ஷி, அண்ணனுக்குத் தண்ணி ஊத்து," என்றாள்.

ரக்ஷிதா சொம்பைத் தூக்கினாள். டம்ளருக்கு நேராகக் கொண்டுவந்து, கொஞ்சம் நிறுத்தி, ஊற்றினாள். உள்ளேதான் விழுந்தது. விளிம்பில் ஒரு சொட்டு. அம்மாவும் பெண்ணும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். அவள் இன்னொரு தடவை ஊற்றினாள். அன்றைக்கு ஏழு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

கிளம்பும்போது வேதநாயகி சொன்னாள். "எனக்கு எழுத்து தெரியாதுண்ணா. நீ எழுதறத இவ படிக்கறா, நான் கேக்கறேன். அந்த முகாம்ல ஒருத்தன் வந்து என் கொழந்தய கெடுத்தான். நீ வந்து சரி பண்ற. என் கூடப் பொறந்தவன்கூட இவ்ளோ செய்யல. இனிமே ஞாயித்துக்கிழம ஓட்டல்ல சாப்பிடாத. இங்க வா."

இந்த இடத்தில் ராஜேந்திரன் என்ன செய்திருப்பான் என்று எழுதலாம். அவன் 'சரி' என்று சொல்லியிருப்பான்.

நானும் 'சரி' என்றேன்.

அதற்குப் பிறகு ஐந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிட்டேன். மீன் குழம்பு, ஒரு நாள் பிரியாணி. பெங்களூருக்கு வந்த எட்டு வருஷத்தில் எனக்காக ஒரு தட்டு தனியாக எடுத்துவைத்தது அந்த வீட்டில்தான். இதை இரக்கத்துக்காக எழுதவில்லை. நான் ஏன் சொல்லாமல் இருந்தேன் என்பதற்குக் காரணமாக எழுதுகிறேன். நல்ல காரணம் இல்லை. இருந்த காரணம் அதுதான்.

9

டிசம்பர் 20, ஞாயிறு. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சொன்ன கெடு.

சனிக்கிழமை மத்தியானம் கடையில், கடைசிக் கவரை எடுத்தேன். மெல்லிய பேனா. வாசிப்பு அட்டையைப் பக்கத்தில் வைத்து, அவள் படிக்க வேண்டிய சின்ன எழுத்தை அளவு பார்த்துக்கொண்டேன். அதே அளவில் இரண்டு வரி எழுதினேன். முழுக்கதையிலும் அது ஒன்றுதான் நடந்தது.

அவ்வளவு சின்னதாக எழுதியதற்கு ஆஸ்பத்திரி அளவு ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவளால் அதைப் படிக்க முடிந்தால் அவள் கண் பிழைத்தது, நான் போனேன். படிக்க முடியாவிட்டால் நான் பிழைத்தேன், அவள் கண் போனது. மறுநாள் கையைக் கட்டிக்கொண்டு எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் ஜோகுபாளையத்துக்கு நடந்தேன். வழியில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் படிக்காமல் போனால் என்ன என்று—

(இந்த வரியை முடிக்கவில்லை. அடிக்கவும் இல்லை.)

இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒரு முடிவு: அவள் முயன்று பார்த்துவிட்டு, 'வரல மாமா' என்று கவரைத் திருப்பித் தருகிறாள். நான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்காருகிறேன். இதை எழுதியபோது என் கை நடுங்கவில்லை. அதனால் இதைத் தூக்கிப் போட்டேன்.

இன்னொன்று: அவள் படிக்கிறாள். வேதநாயகி கரண்டியை எடுக்கிறாள். நியாயம்தான். ஆனால் அடி வாங்கி முடித்தால் எனக்குக் கணக்குத் தீர்ந்த மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தீராது.

மூன்றாவது: அவள் படிக்கிறாள். வேதநாயகி, 'போனது போச்சுண்ணா, உக்காரு, சோறு ஆறுது' என்கிறாள். இதை நான் மிக அழகாக, ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நம்பாதீர்கள். மன்னிப்பு வேண்டியவனே மன்னிப்பை எழுதக்கூடாது.

10

நடந்ததை நடந்தவரைக்கும் சொல்கிறேன்.

வேதநாயகி அடுப்பருகே வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். ரக்ஷிதா வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணில் பிளாஸ்திரி, மேலே கண்ணாடி. நான் கவரைக் கொடுத்தேன்.

"அய்யே, எறும்பு மாதிரி எழுதிட்டீங்க!"

"பாரு. வராட்டி விட்டுடு."

"விடமாட்டேன். சும்னே இருங்க."

கவரைக் கண்ணருகே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். முதல் வார்த்தை சுலபம், மாதக்கணக்காகத் தெரிந்த பெயர். "ராஜேந்திரன்." அடுத்தது, "வே... வேறு." மூன்றாவதற்கு வாய் முந்தியது. "வேறு ஊருக்குப் போனான்."

நான் மூச்சு விட்டேன். அது நிம்மதியா வருத்தமா, இன்றுவரை தெரியாது.

அவள் தலையைத் தூக்கவில்லை. நெற்றி சுருங்கியது. கவர் இன்னும் ஒரு விரலளவு கிட்டே வந்தது.

"இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ஊ இல்ல இது. இருங்க. ஊருக்கு இல்ல. யா..."

அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் காது சொன்னதை அந்தக் கண் மறுத்தது. நான் பார்த்தேன். இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுப்பருகே இருந்து வேதநாயகியின் குரல் வந்தது. "என்னடி மொணமொணக்கற? சத்தமா படி. நானும் கேக்கறேன். அந்த லூசு இன்னிக்கு இன்னா பண்ணான்?"

ரக்ஷிதா தொண்டையைச் செருமிக்கொண்டாள். விரலை வரிக்குக் கீழே வைத்தாள்.

இங்கே நிறுத்துகிறேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது அந்த வீட்டுக்காரர்களுடையது. அந்தக் கவர் என்னிடம் திரும்பி வரவில்லை. ஆனால் அதில் என்ன இருந்தது என்று எனக்கு எழுத்து மாறாமல் தெரியும், கீழே எழுதியிருக்கிறேன். அவள் படித்தாளா, எவ்வளவு தூரம் படித்தாள், வேதநாயகி கேட்டுவிட்டு என்ன சொன்னாள் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்ளுங்கள். விரலுக்கு நடுவில் சந்து இருக்கக்கூடாது. உங்களுக்கு முன்னால் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அவசரமில்லை. அடுத்த பெயரைத் தேடப் போவதில்லை, நான் இங்கேயே உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ம். சத்தமாக.

'ராஜேந்திரன் வேறு யாரும் இல்லை.
உன் இடது கண்ணைப் பார்க்காமலே சரி போட்ட நான்தான்.'